சேகர் எதற்கு இவ்வளவு அழுகிறான்?

போன மாதம் கும்பகோணத்தில் ஒரு தம்பி தன்னுடைய முதல் நாவலின் கைப்பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். இருநூற்றுச் சொச்சம் பக்கம். கதை எளிதுதான். எழுபதுகளின் கடைசி, குடமுருட்டிக் கரையில் ஒரு ஊர். சேகர் மிராசு வீட்டுப் பேரன், நாலாம் வகுப்பு. மாரி அந்த வீட்டு வயலைப் பார்த்துக்கொள்கிறவரின் மகன், அவனும் அதே வகுப்பு. ஆனி மாதம், வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்த சாயங்காலம் இரண்டு பேரும் வாழைமட்டையில் படகு செய்து விடுகிறார்கள். படகு ஓரத்தில் தட்டி நின்றுவிட, சேகர் வீம்புக்கு மடையைக் காலால் உடைத்துவிடுகிறான். தண்ணீர் நேராக நாற்றங்காலில் இறங்குகிறது. முளைகட்டிய விதை தெளித்து இரண்டு நாள்தான், இன்னும் வேர் பிடிக்கவில்லை, ராத்திரி முழுக்க ஓடிய தண்ணீரில் விதை மொத்தமும் ஒரு மூலையில் போய் ஒதுங்கிக் கிடக்கிறது. காலையில் தாத்தா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "மடைய வெட்டுனது யாரு?" என்கிறார். "மாரிதான்" என்கிறான் சேகர். மாரியின் அப்பா அத்தனை பேர் முன்னாலும் மகனைப் புளிய விளாறால் அடிக்கிறார். அடுத்த வருஷம் மாரி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை, அப்புறம் திருப்பூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

இது முதல் முப்பது பக்கம். மீதி முழுக்கச் சேகர் அழுகிறான். கல்யாணத்தில் அழுகிறான், பிள்ளை பிறந்தபோது அழுகிறான், காவிரியில் தண்ணீர் வந்தால் அழுகிறான், வராவிட்டாலும் அழுகிறான். ஐம்பத்தைந்து வயதில் மாரியைத் தேடிப் போய்க் காலில் விழுகிறான், மாரி தூக்கிவிட்டுக் கட்டிக்கொள்கிறான், முற்றும்.

"என்னண்ணே, உருக்கமா இல்லையா?" என்றார் தம்பி, டபராவில் காபியை ஆற்றிக்கொண்டே.

"உருக்கமாத்தான் இருக்கு தம்பி. எல்லாம் உருகி ஓடிடுச்சு, பாத்திரத்தத்தான் காணும்."

சிரித்தார். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதிப் பார்க்கிறேன். சின்ன வயதில் ஒருவனைக் காட்டிக்கொடுத்த குற்றவுணர்ச்சி ஒரு பாத்திரத்துக்குள் என்னதான் வேலை செய்கிறது என்பதுதான் விஷயம்.

அழுகை அதன் வேலை இல்லை. நெருங்கிய ஒருவர் இறந்துபோனால் அழுகிறோம், அது துக்கம், நாலு பேர் வந்து உட்கார்ந்து துக்கம் கேட்டுவிட்டுப் போகலாம். குற்றவுணர்ச்சிக்கு அப்படி யாரும் வந்து உட்கார முடியாது. வெளியே சொன்னால்தானே வருவார்கள்? அது ஆளை வேறு மாதிரி வேலை வாங்கும். எந்தத் தெரு வழியாகப் போகிறான், எந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறான், யாருக்குத் தேவைக்கு மேல் காசு கொடுக்கிறான் என்று அன்றாடக் காரியங்களில்தான் அது தெரியும். ஊரில் சொல்வது போல உறுத்தல், செருப்புக்குள் ஒரு கல். கல் இருக்கிறவன் நின்று அழமாட்டான், காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பான். நாவலாசிரியன் எழுத வேண்டியது அந்த நடையை.

இன்னொன்று, குற்றம் நடந்தது ஒன்பது வயதில். இதைத் தம்பி சுத்தமாக மறந்துவிட்டார், சேகர் ஏதோ நாற்பது வயதில் கையாடல் செய்தவன் போல யோசிக்கிறான். குழந்தைகள் குற்றத்தை அளக்கிற விதமே வேறு. ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு பிரபலமான சோதனை உண்டு. ஒரு பையன் சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று கதவைத் திறக்கிறான், பின்னால் நாற்காலியில் தட்டு இருந்தது அவனுக்குத் தெரியாது, 15 கோப்பைகள் உடைகின்றன. இன்னொரு பையன் அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் திருடக் கையை விடுகிறான், ஒரே ஒரு கோப்பை உடைகிறது. யார் கெட்ட பையன்? சின்னப் பிள்ளைகளில் பலர் 15 கோப்பை உடைத்தவன்தான் என்கிறார்கள். வயது கூடக் கூடத்தான் என்ன நினைத்துச் செய்தான் என்று பார்க்கிற பழக்கம் வருகிறது.

சரி, ஒன்பது வயதில் அந்தப் பழக்கம் ஓரளவு வந்திருக்கும். ஆனாலும் பயந்துபோன பிள்ளை பழைய கணக்குக்குத்தான் திரும்பும் என்பது என் அபிப்பிராயம். சேகர் அன்றைக்கு எதை எண்ணியிருப்பான்? மூலையில் ஒதுங்கிய விதையை. மாரி முதுகில் விழுந்த அடியை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணக்கூடியதை மட்டும். சிக்கல் என்னவென்றால் அந்தக் கணக்கை அவன் அப்புறம் திறந்து பார்க்கவே மாட்டான். பார்த்தால் சுடும். அதனால் ஆள் வளர்ந்து, படித்து, கூட்டுறவு வங்கியில் காசாளராகி, மூக்குக்கண்ணாடி போட்ட பிறகும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்பது வயது அளவுகோலோடு இருக்கிறான். மற்ற நினைவுகள் எல்லாம் அவனோடு சேர்ந்து வளர்ந்தன. இது மட்டும் அரைக்கால் சட்டையிலேயே நிற்கிறது.

வள்ளுவர் 'தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்' என்கிறார். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் ஒப்பித்ததுதான். ஆனால் சூடு பட்டவன் உடனே என்ன செய்வான்? சுடுகிற பொருளைத் தள்ளிவிடுவான். காட்டிக்கொடுத்த பையனுக்குச் சுடுகிற பொருள், காட்டிக்கொடுக்கப்பட்டவனின் முகம். அதனால் குற்றவுணர்ச்சி வந்ததும் ஆள் நல்லவனாகிவிடுகிறான் என்று நினைப்பது பெரிய தப்பு, முதலில் அது அவனை இன்னும் கொஞ்சம் கெட்டவனாக்கும்.

காலித் ஹொசைனியின் 'தி கைட் ரன்னர்' 2003இல் வந்தது, பலர் படித்திருப்பீர்கள். காபூலில் 1975 குளிர்காலம், பன்னிரண்டு வயது அமீர், அவனுக்காக அறுந்த பட்டத்தைத் துரத்திப் போன, வீட்டு வேலைக்காரரின் மகன் ஹசன் ஒரு சந்தில் வன்கொடுமைக்கு ஆளாவதை ஒளிந்து நின்று பார்க்கிறான், தடுக்காமல் ஓடிவிடுகிறான். எல்லாரும் பேசுவது இந்தச் சந்தைப் பற்றித்தான். எனக்கு அதற்குப் பிறகு வருகிறதுதான் முக்கியமாகப் படுகிறது. ஹசன் முன்னைப் போலவே வேலை செய்கிறான், அமீருக்கு அதைத் தாங்க முடியவில்லை. மலைமேல் கூட்டிப்போய் மாதுளம்பழங்களை ஹசன் மேல் எறிந்து, திருப்பி அடிடா என்கிறான். ஹசன் ஒரு பழத்தைத் தன் நெற்றியிலேயே உடைத்துக்கொள்கிறான். கடைசியில் அமீர் தன் பிறந்தநாள் கைக்கடிகாரத்தையும் பணத்தையும் ஹசனின் படுக்கைக்கு அடியில் வைத்துத் திருட்டுப் பட்டம் கட்டுகிறான். ஹசன் ஒத்துக்கொள்கிறான், அப்பாவும் மகனும் வீட்டை விட்டே போகிறார்கள்.

சந்தில் நடந்தது கோழைத்தனம், கடிகாரம் வைத்தது திட்டம். முதலாவதில் பயந்தான் என்று ஒரு சாக்காவது இருக்கிறது, இரண்டாவதில் அதுகூட இல்லை. இரண்டாவதைச் செய்யவைத்ததே முதலாவதின் குற்றவுணர்ச்சிதான். அமீர் என்ற பாத்திரம் உருவாவது இந்த இடத்தில்தான். பார்த்துக்கொண்டு நின்றதோடு கதை முடிந்திருந்தால் அவன் பாவப்பட்ட பையன், அவ்வளவுதான்.

அதனால் தம்பியிடம் கேட்டேன்: "அடிவாங்குன மறுநாள் மாரி ஸ்கூலுக்கு வந்திருப்பான்ல? சேகர் எங்க உக்காந்தான்?" யோசிக்கவே இல்லை என்றார். அதுதான் எழுத வேண்டிய பக்கம். பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒரு நாள் தள்ளி உட்கார்ந்திருப்பான். மாரி மேல் வாடை அடிக்கிறது என்று சாரிடம் சொல்லியிருப்பான். மாரி பள்ளிக்கூடத்தை விட்டதற்கு விளாறு காரணமாக இருந்திருக்காது, அந்த ஒரு சொல்தான் காரணமாக இருந்திருக்கும். காலமெல்லாம் மடையை மட்டும் நினைத்து உருகுகிற சேகர், இதை ஞாபகத்திலேயே வைத்துக்கொண்டிருக்க மாட்டான்.

ஹசனைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். அவன் அநியாயத்துக்கு நல்லவன். ஏமாற்றப்பட்டவன் மகானாக இருந்துவிட்டால் ஏமாற்றியவனின் வேதனை வாசகனுக்குச் சுலபமாகிவிடுகிறது, கோயிலில் நின்று அழுவது போல. நம் ஊர் மாரி அப்படி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா என்ன? "நான் இல்லீங்கய்யா, சின்னய்யாதான் வெட்டுச்சு" என்று அவன் சத்தமாகவே சொல்லட்டும். சொல்லியும் ஒருத்தரும் நம்பவில்லை என்று வையுங்கள். கதை தஞ்சாவூர் மண்ணில் இறங்குவது அப்போதுதான்.

பண்ணையாள் முறை இருந்த ஊர் இது. சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த ஊர். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்துவிட்டது, ஆனால் 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். நம் கதை நடப்பது அதற்குப் பத்து வருஷம் கழித்து. அந்தத் திண்ணையில் இரண்டு ஒன்பது வயதுப் பையன்கள் ஆளுக்கொரு வார்த்தை சொன்னால் இரண்டுக்கும் ஒரே எடையா? மாரியின் அப்பா ஏன் தானே முந்திக்கொண்டு மகனை அடித்தார் என்று பாருங்கள். ஐயா கை ஓங்குவதற்குள் நாம் அடித்துவிட்டால் குறைந்த அடியோடு போய்விடும் என்ற கணக்கு அது. அடியா, காவலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. காபூலிலும் இதே அமைப்புதான், அமீர் ஆதிக்க இனமான பஷ்தூன், ஹசன் ஒடுக்கப்பட்ட சிறுபான்மை இனமான ஹசாரா, எஜமான் வீடும் வேலைக்காரர் குடிசையும் ஒரே வளாகத்தில். தன் பொய் ஜெயித்தது பொய்யின் சாமர்த்தியத்தால் இல்லை, வீட்டின் உயரத்தால் என்று சேகருக்குத் தெரியவரும் நாள் ஒன்று வர வேண்டும். கல்லூரியில் வரலாம், வங்கியில் கடன் மனுவைப் புரட்டும்போது வரலாம். தாத்தா சொத்தைத் தின்றுகொண்டே அதைத் தெரிந்துகொள்வது இன்னும் கஷ்டம்.

தண்டனை பற்றி நம் பக்கத்தில் பெரிய பெரிய கதைகள் இருக்கின்றன. திருவாரூரில் கல்தேர் இருக்கிறது, மனுநீதிச் சோழன் கதைக்குச் சாட்சியாக. இளவரசன் தேர் ஏறிக் கன்று செத்தது, பசு போய் மணியை இழுத்தது, ராஜா மகனைத் தேர்க்காலில் இட்டார். ஆனால் கவனியுங்கள், அங்கே மணி இருக்கிறது. வந்து அடிக்கப் பசு இருக்கிறது, கேட்க ராஜா இருக்கிறார். சேகர் விஷயத்தில் மணி அடிக்க வேண்டியவனையே விளாறால் அடித்து அனுப்பியாகிவிட்டது, வழக்கே பதியவில்லை. பதியாத வழக்குக்குத் தீர்ப்பு எப்படி வரும்? அதனால்தான் இப்படிப்பட்ட பாத்திரங்கள் தாங்களே போலீஸ், தாங்களே ஜட்ஜ், தாங்களே வக்கீல் என்று உள்ளுக்குள் ஓயாமல் கச்சேரி நடத்திக்கொண்டிருக்கிறார்கள். வக்கீல்தான் ரொம்பப் பேசுவார்.

எனக்கு இதைவிடப் பொருத்தமாகத் தெரிவது திருவிடைமருதூர். கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகிற வழியில் இருக்கிறது, மகாலிங்கசுவாமி கோயில். வரகுண பாண்டியனின் குதிரைக் காலில் சிக்கி ஒரு பிராமணர் இறந்துபோனார், பிரம்மஹத்தி அவனைப் பிடித்துக்கொண்டது. கிழக்கு வாசல் வழியாக அவன் கோயிலுக்குள் நுழைந்தபோது அது உள்ளே வர முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது, அவன் வேறு வாசல் வழியாகப் போய்விட்டான். இன்றைக்கும் கிழக்கே நுழைந்தவர்கள் அந்த வழியே திரும்புவதில்லை. பிரம்மஹத்தி சிலை அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. சின்ன வயதில் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு போகும்போது எனக்கு ஒரே சந்தேகம்: "அது இன்னும் அங்கதான இருக்கு? ராஜா போயிட்டாருன்னு அதுக்கு யாரும் சொல்லலியா?" பாட்டி, "பேசாம வா" என்றாள்.

குற்றவுணர்ச்சியுள்ள பாத்திரம் வேறு வாசல் வழியாகப் போனவன். போனது நிஜம், தப்பித்ததும் ஓரளவு நிஜம். அமீர் கலிஃபோர்னியா போய்விடுகிறான், கல்யாணம் செய்துகொள்கிறான், எழுத்தாளனாகிறான். ஆனால் வாழ்க்கை முழுவதும் ஒரு வாசலைத் தவிர்த்தே வழி போட வேண்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால், அவன் கட்டிக்கொள்ளப் போகிற சொரையா தன் பழைய கதையை அவனிடம் மறைக்காமல் சொல்கிறாள், அவனுக்குத் தன்னுடையதைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் மேல் பொறாமைப்படுகிறான், அவளுடைய ரகசியம் வெளியே வந்துவிட்டதே என்று. நாவலில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

சேகருக்கு என்னென்ன வாசல்கள்? தம்பியும் நானும் உட்கார்ந்து யோசித்தோம். முதலில் அவர் சேகரைப் பொதுப்பணித்துறையில் மதகு பார்க்கிற இன்ஜினீயராக வைத்திருந்தார். மடையை உடைத்தவன் மதகு காக்கிறான், கேட்க நன்றாக இருக்கிறது, அதனால்தான் வேண்டாம் என்றேன், வாழ்க்கை அவ்வளவு எதுகை மோனையோடு வராது. காசாளராகவே இருக்கட்டும். அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் குறைகிறது, மேலாளர் "யாரு பண்ணது?" என்கிறார். இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் சேகருக்குக் காது மடல் சூடாகிறது. பக்கத்து சீட்டுப் பையன் செய்த தப்பு என்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் "நான்தான் சார், விட்டுப்போச்சு" என்று கைக்காசைப் போட்டுக் கட்டுகிறான். அலுவலகமே அவனை உத்தமன் என்கிறது. அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்தும் இருக்கிறது, வயிற்றைப் புரட்டவும் செய்கிறது.

அதே ஆள் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வருகிறான். எட்டு வயது மகன் ஓடிவந்து, "அப்பா, அக்காதான் டிவி ரிமோட்ட ஒடச்சா" என்கிறான். பளார். கை வைத்த பிறகுதான் தான் அடித்தது தெரிகிறது. பையன் சொன்னது உண்மை. "கோள் சொல்றியா நாயே, கோள் சொல்றியா" என்று கத்துகிறான், பெண்டாட்டி சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்து நிற்கிறாள், இவனுக்கு என்ன வந்தது என்று ஒருவருக்கும் புரியவில்லை. பையனுக்குக் கன்னத்தில் நாலு விரல். யாருக்கு விழ வேண்டிய அடி யாருக்கு விழுந்தது? இந்த ஒரு பக்கம் வந்தால் அழுகிற பக்கங்களில் பாதியைக் கிழித்துப் போடலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டுத் தத்துவவாதி ரூசோ கதையையும் அன்றைக்குச் சொன்னேன். பதினாறு வயதில், டூரின் நகரில் ஒரு பிரபு வீட்டில் வேலைக்கு இருந்தபோது ஒரு பழைய ரிப்பனைத் திருடிவிட்டு, மரியோன் என்ற சமையல்காரப் பெண் கொடுத்ததாகச் சொல்லிவிட்டார். இரண்டு பேருக்கும் வேலை போனது. கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கழித்துத் தன் வரலாற்றில் எழுதும்போது, இந்த பாரத்தை இறக்கிவைக்கும் ஆசையும் புத்தகம் எழுத ஒரு காரணம் என்கிறார். அவர் சொல்கிற விளக்கம்தான் விசேஷம்: அந்தப் பெண் மேல் பிரியம் இருந்தது, ரிப்பனை அவளுக்குக் கொடுக்கத்தான் எடுத்தது, அதனால்தான் அவள் பெயர் வாயில் முதலில் வந்துவிட்டதாம். வக்கீல் பேச ஆரம்பித்துவிட்டார் பார்த்தீர்களா? மரியோன் அதற்குப் பிறகு என்ன ஆனாள் என்று அவருக்கே தெரியாது. ஒப்புதல் வாக்குமூலத்தில் முழுக்க ஒப்புக்கொள்கிறவர் குரல்தான் கேட்கும், பாதிக்கப்பட்டவர் பேச அங்கே இடமே இருக்காது.

இயான் மெக்யூவனின் 'அடோன்மென்ட்' நாவலில் பதின்மூன்று வயது பிரையனி பொய்ச்சாட்சி சொல்லி அக்காவின் காதலனைச் சிறைக்கு அனுப்புகிறாள். வயதான பிறகு நாவலாக எழுதி, நிஜத்தில் செத்துப்போன காதலர்களைக் கதையில் சேர்த்துவைக்கிறாள். பரிகாரம்தான், ஆனால் பேனா அவள் கையில்தானே இருக்கிறது?

எங்கள் மன்னார்குடிப் பக்கத்து தி. ஜானகிராமன் 'முள்முடி' என்று ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார், அதில் எல்லாம் தலைகீழ். பிள்ளைகளை அடித்ததே இல்லை என்று பேர் வாங்கிய வாத்தியார் அனுகூலசாமி ஓய்வுபெறுகிறார். திருடிய ஒரு பையனோடு யாரும் பேச வேண்டாம் என்று எப்போதோ சொல்லியிருக்கிறார், சொன்னதை அவர் மறந்தும் விட்டார், பிள்ளைகள் மறக்கவில்லை. ஒதுக்கப்பட்ட பையன் ஓய்வுபெற்ற அன்று அம்மாவோடு வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறான். பெரியவர் போகிற போக்கில் சொன்னதைச் சிறுவர்கள் சிறுவர் அளவுகோலில் எடுத்துக்கொண்டு அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார்கள். தன் கணக்கில் இப்படி ஒரு பாக்கி இருப்பதே அவருக்குத் தெரியாது, பாக்கிக்காரன் வந்து நின்ற பிறகுதான் தெரிகிறது.

மாரியும் அப்படித்தான் வந்து நிற்க வேண்டும், கட்டிப்பிடிக்க வரக் கூடாது. திருப்பூரில் சொந்தமாக நாலு தையல் மிஷின் போட்டு ஓட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். சேகர் போகிறான், டீ வருகிறது, ரொம்ப நேரம் சுற்றி வளைத்து, "அன்னைக்கு நீ வாங்குன அடி…" என்று ஆரம்பிக்கிறான். மாரி கையை ஆட்டி நிறுத்துகிறான். "அடி என்னங்க அடி. அந்தக் காலத்துல யாரு வாங்கல? எங்கப்பாகிட்ட நான் பண்ணலன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். அவர் நம்பவே இல்ல. சாகற வரைக்கும் என்னைய பொய் சொல்றவன்னே நெனச்சுகிட்டுப் போயிட்டாரு. நீங்க ஒரு வார்த்த, அவருகிட்ட மட்டும் வந்து சொல்லியிருக்கலாம்."

சேகர் நாற்பத்தாறு வருஷமாக அடிகளை எண்ணிக்கொண்டிருந்தான். 15 கோப்பை. பாக்கி வேறு ஓர் இடத்தில் இருந்திருக்கிறது, அந்தக் கடன்காரர் செத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதுக்கப்புறம் சேகர் என்னண்ணே சொல்லுவான்?" என்றார். "நாவல் ஒன்னுது, நீதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

மூன்று வாரம் ஆகிறது. மற்ற பக்கங்கள் எல்லாம் திருத்திவிட்டாராம், கன்னத்தில் அறைகிற இடம் நன்றாக வந்திருக்கிறதாம், அந்தத் திருப்பூர்ப் பக்கத்தில்தான் நிற்கிறார். முந்தாநாள் ராத்திரி பத்தரை மணிக்கு போன் செய்தார்.

"அண்ணே, மாரி பேசி முடிச்சதும் 'டீ ஆறிப்போயிருந்தது'ன்னு ஒரு வரி எழுதினேன்."

"அப்புறம்?"

"அடிச்சிட்டேன்."